ஒதுக்கி வைத்த பாட்டுகளின் கேசட்

நேற்று உன் மகள் செங்காங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தாள். "அம்மா இத உங்ககிட்டதான் கொடுக்கச் சொன்னாங்க, ஆன்ட்டி" என்று ஒரு உறையை நீட்டினாள். உள்ளே அந்தக் கேசட். நீ கண் மூடி ஒரு மாதம் ஆகிறது. அட்டையில் உன் கையெழுத்து.

எண்பதுகளில் நாம் இங்கே சிங்கப்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர்கள். நீ காத்தோங்கிலிருந்து வருவாய், நான் சிராங்கூன் ரோட்டிலிருந்து. சுவிட்ச்போர்டின் முன் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அப்போதுதான் இந்தக் கேசட்டை வாங்கினாய். இங்கிலாந்து இசைக்குழு ஒன்று தன் ஆல்பங்களில் சேர்க்காமல் ஒதுக்கிய பாட்டுகளை மட்டும் திரட்டி வெளியிட்டிருந்தது. எல்லாம் சிந்தசைசர் இசை. ஒரு பாட்டுக்குப் பல்லவியே கிடையாது. இன்னொன்றில், பாடுகிறவர் வர மறந்துவிட்டதுபோல, மெஷின் தாளம் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருக்கும்.

"ஹிட்டு பாட்டெல்லாம் விட்டுட்டு மிச்சம் மீதியக் கேக்குறியே லா" என்று கேலி செய்தேன்.

"ஹிட்டு எல்லாம் பார்ட்டிக்கு டிரெஸ் பண்ணி வந்த மாதிரி, நூர். இதுங்க வீட்டுல தலையக் கூடச் சீவாம உக்காந்திருக்கு. எனக்கு அதான் புடிக்குது" என்றாய்.

ஒரு மதிய இடைவேளையில் நீ மாடிப்படியில் உட்கார்ந்து, வாக்மேன் மாட்டித் தலையாட்டிக்கொண்டிருந்தாய். நான் விளையாட்டாக அதைப் பிடுங்கி என் காதில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே கேசட் சுற்றவே இல்லை.

"பேட்டரி போச்சுடி" என்றேன்.

உன் முகம் வெளுத்துவிட்டது. "எப்போ நின்னுச்சு?" என்று கேட்டாய்.

பாட்டு நின்றதே உனக்குத் தெரியவில்லை. இடது காது ஒரு வருடமாகவே கேட்கவில்லை, வலது காதும் போய்க்கொண்டிருக்கிறது என்று அங்கேயே சொன்னாய். "ஹிட்டு பாட்டுன்னா எல்லாரும் கூடப் பாடுவாங்க, நான் தாளம் தப்புறது தெரிஞ்சிடும். இந்தப் பாட்டெல்லாம் யாருக்கும் தெரியாது. காது நல்லா கேட்டப்பவே மனப்பாடம் பண்ணிட்டேன்." காது கேட்காத ஆபரேட்டர்!

அதன்பிறகு உன் அழைப்புகளையும் நானே கேட்டு, எந்த எண்ணுக்கு இணைப்பது என்று விரலில் காட்டினேன். நான்கு மாதம் ஓடியது. வேலையில் மந்தம் என்று எனக்கு வார்னிங் லெட்டர் வந்தது. உன்னிடம் அதை மறைத்தேன். மறுநாள் காலையில் உன் நாற்காலியில் வேறொரு பெண். லெட்டர் விஷயம் எப்படியோ தெரிந்து, மேனேஜரிடம் நீயே போய் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாய். உன்னைக் கோப்பு அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

அங்கே ஓடி வந்து, "என்னைக் கேக்காம ஏன்டி சொன்னே?" என்று முதுகுக்குப் பின்னால் நின்று கத்தினேன். நீ திரும்பவே இல்லை. தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினாய். "முன்னாடி வந்து திட்டு லா, வாயப் பாத்தாதான் புரியும்" என்று சிரித்தாய். நான் அழுதேன்.

அன்று தொடங்கிய பழக்கம். கடைக்காரர், பேரப்பிள்ளை, யாராக இருந்தாலும் எதிரே போய் நின்று, முகத்தைக் காட்டித்தான் பேசுகிறேன். போன மாதம் தேவாலயத்தில் உன் சவப்பெட்டிக்குப் பக்கவாட்டில்தான் எனக்கு இடம் கிடைத்தது. கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு உன் முகத்துக்கு நேராக வந்து, உதட்டை நன்றாக அசைத்து, "போயிட்டு வா" என்றேன்.