பேருந்து நிறுத்தத்தில் என் முகம்

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா ஆசையுடன் எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். உன்னை நலமா என்று கேட்டால் நல்லாத்தான் இருக்கேன் என்பாய், அதனால் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்றே கேட்கிறேன்.

இங்கே ஒரு கூத்து நடந்துவிட்டது. அரசாங்கம் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியிருக்கிறது, அதைச் சொல்ல ரேடியோ, பேருந்து, சுவர் ஒன்றையும் விடாமல் விளம்பரம். அதற்குப் படம் எடுக்க எங்கள் சலவை நிலையத்துக்கே வந்தார்கள், இத்தனை பேர் இருக்க என்னை இஸ்திரி மேஜை முன்னால் நிறுத்திச் சிரிக்கச் சொன்னார்கள். சிரிப்பு எங்கே வருகிறது? பக்கத்தில் சூடு ஆறாத படுக்கை விரிப்புகள் குவிந்து கிடந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்து நீ அதற்குள் புகுந்துகொண்டு, மேலாளர் வந்தால் மூச்சை அடக்கிக் கிடப்பாயே, ஒருநாள் தும்மி மாட்டிக்கொண்டாயே, அது நினைவுக்கு வந்ததும் தன்னால் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புதான் இப்போது எல்லா நிறுத்தத்திலும் ஆள் உயரத்துக்கு நிற்கிறது, கீழே 'என் கூலி உயர்ந்தது, உங்களுக்கு?' என்று கொட்டை எழுத்தில்.

ஆனால் எனக்கே உயரவில்லை. முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்பாவுக்கு ஒரே ஆத்திரம், "விளம்பரத்துக்குக் கொட்டின காசுல நாலு ஆபீசரை அனுப்பிக் கடை கடையா விசாரிச்சிருக்கலாமே" என்று தினமும் புலம்பல். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோதும் இப்படி உயர்த்தினார்கள், எங்களுக்குச் சொல்ல நாதியில்லை, வெகுநாள் கழித்துப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள் சொல்லித்தான் தெரிந்தது. இந்தத் தடவை காய்கறிக்காரர்கூட "அக்கா, கூலி ஏறிடுச்சாமே" என்கிறார், நான் திருதிருவென்று விழிக்கிறேன். பொறுக்க முடியாமல் எல்லாரும் சேர்ந்து முதலாளி அறைக்குப் போனோம். "ஐயா, என் மூஞ்சியை ஊரெல்லாம் ஒட்டியிருக்காங்க. கேக்கறவங்ககிட்ட ஆமான்னு பொய் சொல்லட்டுமா, இல்லேன்னு உள்ளதைச் சொல்லட்டுமா, நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார், அங்கேயும் எதிர்ச்சுவரில் நான்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். இந்த மாதத்திலிருந்து எல்லாருக்கும் புதுக் கூலி வந்துவிட்டது.

போன வாரம் நல்ல மழை. நம் தெரு நிறுத்தத்தில் படம் ஊறி ஓரம் பெயர்ந்துவிட்டது. உன் அப்பா, வந்து நின்ற பேருந்தில் ஏறாமல், உள்ளங்கையால் அதை அழுத்தி அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தாராம், ஓட்டுநர் சொல்லிச் சிரித்தார்.

குளிருக்குக் காதை மூடிக்கொள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய மறக்காதே. நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா