காக்காவுக்குச் சொன்ன ஸ்தோத்திரம்

பழவேற்காடு,
புதன்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான தங்கச்சி அனிதாவுக்கு, உன் கஸ்தூரி அக்கா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுறது. இங்க நானும் மாமாவும் சுகம். அங்க நீ, உன் வீட்டுக்காரர் கோதண்டம், பொண்ணு ஷாலினி மூணு பேரும் சுகமா இருக்கணும்னு தினம் ஜெபத்துல கேக்கிறேன்.

நாலு மாசமா போன் போட்டா எடுக்க மாட்டேங்கிற. எடுக்காதது நியாயம்தான். மீன் வண்டி ஓட்டுற தேசப்பன் நெல்லூர் பக்கம் லோடு ஏத்திக்கினு போனப்ப, ஒரு இறால் குட்டையாண்ட கோதண்டம் வாட்ச்மேன் வேலை பாக்கிறதைப் பாத்தேன்னு சொன்னான். அவன் கையிலதான் இதைக் குடுத்தனுப்புறேன். கவரை நல்லா ஒட்டிட்டேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். எழுத்துக் கூட்டியாவது இதை நீயே படி. எப்பவும் போல ஷாலினி கையில குடுத்துப் படிக்கச் சொல்லாதே. அந்தப் பொண்ணு வாயால இதெல்லாம் வர்றதை நெனச்சாலே எனக்குக் கூசுது.

ஊர்ல முகத்துவாரம் மறுபடியும் மண்ணடிச்சிக்கிச்சு. ஏரியில தண்ணி இறங்கிப் போய் படகெல்லாம் தரை தட்டுது. மாமா காலையில போனா வெறுங்கையோடதான் வர்றாரு. நீ விட்டுட்டுப் போன செவலைக் கோழி எங்க வீட்டுப் பின்னாடிதான் மேயுது. ஆறு குஞ்சு பொரிச்சிருக்குது. ஒண்ணைப் பருந்து தூக்கிட்டுப் போயிடுச்சு, மீதி அஞ்சும் நல்லா இருக்குது. உங்க வீட்டுப் பூட்டுல உப்புக்காத்து பட்டுத் துரு ஏறிப்போச்சு. வாரத்துக்கு ஒருக்கா எண்ணெய் விடுறேன். வந்தா தொறக்கணும் இல்ல?

சரி, சுத்திச் சுத்தி எழுதிக்கினு இருக்கேன். அந்த ஞாயித்துக்கிழமையைப் பத்தி எழுதத்தான் உக்காந்தேன்.

சாட்சி நேரத்துல எழுந்து பேசுறதுன்னா எனக்கு எவ்ளோ பிடிக்கும்னு உனக்குத் தெரியும். யாரும் எழுந்திரிக்காம கோயில் அமைதியா இருந்தா என் காலு தானா எழுந்துக்கும். அன்னிக்கு முந்தின வாரம் பாஸ்டரம்மா வேற ஒருத்தியோட தர்ம காரியத்தைப் பத்திப் பெருமையாச் சொல்லிட்டாங்க. அது எனக்கு முள்ளாக் குத்திக்கினு இருந்துச்சு. நாம செய்யாததான்னு தோணுச்சு. ஆமாம் அனிதா, பொறாமைதான். கர்த்தர் பேரைச் சொல்லிக்கினு எழுந்தேனே தவிர, எழுப்பிவிட்டது அதுதான்.

பத்தாவது படிக்கிறப்ப நம்ம ஷாலினி ஸ்கூல்ல ஃபிட்ஸ் வந்து விழுந்தாளே, அந்த மழையில நான்தானே ஆட்டோ பிடிச்சுப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கையில சாவிக்கொத்தைத் திணிச்சு, மடியில போட்டுக்கினு, மூணு நாள் அங்கயே கெடந்தேன். மாத்திரை வாங்கிக் குடுத்தேன். அது நெஜமாவே பாசத்துல செஞ்சது, அதுல பொய் இல்ல. அந்த மூணு நாளோட அதை விட்டிருக்கணும். அஞ்சு வருஷம் கழிச்சு எடுத்து மைக்குல போட்டேன் பாரு.

பேரைச் சொல்ல விரும்பலைன்னு சொன்னேன். ஃபிட்ஸ் வந்து விழுந்த ஒரு ஏழைப் பொண்ணைக் காப்பாத்த இந்த அடிமையைக் கர்த்தர் சின்னப் பாத்திரமா உபயோகிச்சாருன்னு சொன்னேன். எல்லா மகிமையும் அவருக்கேன்னு சொன்னேன். சொல்லிக்கினே அந்தப் பொண்ணு இங்கதான் நம்ம நடுவுல உக்காந்திருக்குதுன்னுட்டு மூணாவது பாய் பக்கம் பாத்துச் சிரிச்சேன். ஊரே திரும்பிப் பாத்துச்சு. ஷாலினி தலையில முக்காட்டை இழுத்து விட்டுக்கினா. அவளுக்குப் பக்கத்துலயே காட்டூர்ல இருந்து வந்திருந்த மாப்பிள்ளை லோகேஷோட அத்தை ஜமுனா உக்காந்திருந்தாங்க. நிச்சயத்துக்குப் பதினெட்டு நாள் இருந்துச்சு.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். சாயங்காலமே காட்டூர்ல இருந்து போன் வந்துச்சு, வியாதியை மறைச்சிட்டீங்கன்னு. நான் ஓடி வந்தேன். நீ கதவுகிட்ட நின்னுக்கினு ஒண்ணே ஒண்ணுதான் சொன்ன. செவ்வாய்க்கிழமை காட்டூர் போய் இதைச் சொல்றதா இருந்தோம்கா, லோகேஷ்கிட்ட தன் வாயாலயே சொல்லணும்னு ஷாலினி ரெண்டு நாளா வார்த்தை கோத்துக்கினு இருந்தான்னு சொன்ன. நீ திட்டியிருந்தா தேவலையே! ஒரு வாரத்துல வீட்டைப் பூட்டிக்கினு போயிட்டீங்க.

போன புதுசுல எனக்குக் கோவம்தான் இருந்துச்சு. உண்மையைச் சொல்றேன், மறைக்கல. இவங்களுக்கு எவ்ளோ செஞ்சேன், ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாளேன்னு பாக்கிறவங்ககிட்ட எல்லாம் பொலம்பினேன். அப்படித்தான் ஒரு நாள் ஏரிக்கரையில முனியம்மாகிட்டயும் பொலம்பினேன். உன்கூடவே தண்ணியில தடவி இறால் பிடிச்சவ இல்லயா, உன் மேல பிரியம் அவளுக்கு. இடுப்பளவு தண்ணியில ரெண்டு கையையும் சேத்துக்குள்ள விட்டுக்கினு, இறால் போடுற ஓலைப்பறியை வாயில கடிச்சுக்கினு இருந்தா. வாயில பறி இருக்கிற வரைக்கும் பதில் வராதுங்கிற தைரியத்துல நான் பாட்டுக்குப் பேசிக்கினே போனேன். பறியை எடுத்துக் கரையில வீசினா பாரு!

நீ செஞ்சதை ஊரே கேட்டுச்சே, அவ செஞ்சதை யார் கேட்டாங்கன்னு கேட்டா. உன் வீட்டுக்காரர் தங்கவேல் அண்ணன் கால் ஒடிஞ்சு கெடந்த மழைக்காலம் பூரா உன் முருங்கை மரத்துல கவர்ல கட்டித் தொங்கவிட்டது காக்கான்னு நெனச்சியான்னு கேட்டா.

அந்தச் சேத்துலயே உக்காந்துட்டேன்.

அந்த மூணு மாசம் எங்க வீட்டு உலை கொதிச்சது அந்த இறால்லதான். கொஞ்சம் குழம்பு வெப்பேன், மீதியை மார்க்கெட்டுல வித்து அரிசி வாங்குவேன். விடியறதுக்குள்ள கிளையில தொங்கும். யாருன்னு தெரியல. வனாந்தரத்துல ஒரு தீர்க்கதரிசிக்குக் காக்கா அப்பம் கொண்டாந்து குடுத்தாப்புல எனக்கும் கர்த்தர் காக்காவை அனுப்பினாருன்னு அதுக்கும் கோயில்ல எழுந்து சாட்சி சொன்னேனே, உனக்கு ஞாபகம் இருக்குதா? நீ அதே மூணாவது பாயிலதான் உக்காந்திருந்த. எல்லாரோடயும் சேந்து நீயும் ஆமென்னு சொன்ன. சிரிப்பு வரலையா உனக்கு? நாள் முழுக்கத் தண்ணியில ஊறிப் பிடிச்சதுல பாதியைக் குடுத்துட்டு, அந்தப் பேரைக் காக்காவுக்கு விட்டுட்டு உக்காந்திருந்தியே, எப்படி முடிஞ்சுது? முனியம்மாவைத் திட்டாதே. சத்தியம் வாங்கினியாம், அவ இவ்ளோ நாள் காப்பாத்தினதே பெரிசு.

அந்த வாரமே கோயில்ல எழுந்து எல்லார் முன்னாடியும் தப்பை ஒத்துக்கிறேன், அழுது மன்னிப்புக் கேக்கிறேன்னு மாமாகிட்ட சொன்னேன். வலையைப் பிரிச்சுக்கினு இருந்தவரு தலையைக்கூட தூக்கல. வேணாம், அங்கயும் நீதான் நிப்ப, அந்தப் பொண்ணு கதையை இன்னொரு தரம் ஊரே கேக்கும்னு சொன்னாரு. பேசாத மனுசன் பேசினா இப்படித்தான், சுள்ளுனு. ரெண்டு நாள் அவரோட பேசல நான். மூணாவது நாள் அவர் சொன்னது சரின்னு தெரிஞ்சுது. இப்பல்லாம் சாட்சி நேரத்துல பாயோரத்தைப் பிடிச்சுக்கினு உக்காந்திருக்கேன். இன்னா கஸ்தூரி, உடம்பு சரியில்லையான்னு பாஸ்டரம்மா கேக்கிறாங்க. இப்ப யாருக்கு இன்னா செய்றேன்னு உனக்குக்கூட எழுத மாட்டேன். எழுதினா அதுவும் ஒரு சாட்சி ஆயிடும்.

இவ்ளோ தூரம் படிச்சிட்டியா? இப்ப நான் மொதல்ல சொன்னதை மாத்திச் சொல்றேன். ஷாலினியைக் கூப்பிட்டு இதுக்கு மேல அவளையே படிக்கச் சொல்லு. அவளுக்குத் தெரியாம அவளைப் பத்தி நான் பேசினது போதும்.

ஷாலினி கண்ணு, போன சனிக்கிழமை லோகேஷ் வந்தான். தனியா பைக்குல வந்து, தண்ணிகூட குடிக்காம நின்னான். நீ எங்க இருக்கேன்னு கேட்டான். வீட்டுல சொல்லிட்டுத்தான் வந்தியாடான்னு கேட்டேன், அம்மாவுக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியாதுன்னான். அந்தச் செவ்வாய்க்கிழமை வர்றேன்னாளே, ஷாலினி என்கிட்ட இன்னா சொல்றதா இருந்தா, அதை அவ சொல்லிக் கேக்கணும்னு சொன்னான். அதுக்கு மேல அவன் மனசுல இன்னா இருக்குதுன்னு நான் கேக்கல. நல்லதா, பொல்லாததா எனக்குத் தெரியாது.

தேசப்பன் சொன்ன இடம் என் நாக்கு நுனியில இருந்துச்சு. ஓடிப்போய்ச் சொல்லிட்டா நான்தான் சேத்து வெச்சேன்னு நாளைக்குப் பேரும் கெடைக்கும். சொல்லல கண்ணு. எனக்குத் தெரியாதுன்னு பொய்யும் சொல்லல. அவளைக் கேக்காம குடுக்க மாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டேன். பின்னாடி அவன் நம்பரை எழுதியிருக்கேன். நீயா பேசினா பேசு. குடுன்னு சொன்னா உன் நம்பரை அவன்கிட்ட குடுக்கிறேன். வேணாம்னா கிழிச்சுப் போடு, நான் ஏன்னு கேக்க மாட்டேன், அவன் வந்ததை யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன். அன்னிக்கு உன் வாயில இருந்து நான் புடுங்கின வார்த்தையைத் திருப்பிக் குடுக்க என்கிட்ட வேற வழி இல்ல. மாத்திரையை விடாம போடு. வேளைக்குச் சாப்பிடு.

அனிதா, மன்னிச்சிட்டேன்னு நீ பதில் எழுத வேணாம். கோழிக் குஞ்சுங்களைப் பாக்க ஒரு நாள் வா, அது போதும். கர்த்தர் உங்க மூணு பேரையும் தம்முடைய கண்மணி போலக் காக்கட்டும்.

இப்படிக்கு,
கஸ்தூரி.

மேல பழக்கத்துல அக்கான்னு போட்டுட்டேன். இங்க போடல. நீ வந்து கூப்பிட்டா போட்டுக்கிறேன்.