துணி வளர்வதில்லை

என் அருமை வாயாடிக்கு,

நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் நலம் என்று எழுதச் சொல்லி அவள் உத்தரவு. அதில் முதல் பாதிக்கு மட்டும்தான் நான் பொறுப்பு.

என் அக்காவும் உன் அம்மாவுமாகிய அந்த மகாராணிக்குப் புற்றுநோய்க்காகக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்து, கதிர் சிகிச்சையும் முடிந்து மூன்று வருஷமாகிறது. ஒவ்வொரு பரிசோதனையிலும் கட்டி இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள், அவளும் உலகத்தை ஜெயித்தவளாகத் தையல் மெஷினில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். போன மாதம் பார்க்கிறேன், ஊரார் துணியை ஓரம் தள்ளிவிட்டுத் தன் பாவாடைகளையெல்லாம் கீழே மடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். எல்லாம் தரையில் புரள்கிறதாம். "இப்பல்லாம் துணியே சரியில்லடா, துவைக்கத் துவைக்க நீளுது" என்கிறாள். ஒரு துணி நீளும், இரண்டு நீளும், அலமாரி முழுக்கவா நீளும்? உரம் போட்டாயா, தண்ணீர் விட்டாயா என்று கேட்டேன். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே பிறந்தவள், ஊரிலுள்ள இடுப்பையெல்லாம் கண்ணாலேயே அளப்பவள், தான் குள்ளமாவதை மட்டும் கண்டுகொள்ளவில்லை! பக்கத்தில் போய் நின்றேன். என்னைவிட ஒரு விரல் உயரம் என்று ஆயுசுக்கும் அலட்டியவள் இப்போது என் நெற்றிக்கு வருகிறாள். ஒரு நிமிஷம் எனக்கு முடிசூட்டியது போலிருந்தது. மறு நிமிஷம் அவளுடைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளைத் தேடி எடுத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் படையெடுத்தேன். புற்றுநோய்ப் பிரிவில் "கட்டி இல்லையே, எலும்பு எங்க வேலை இல்ல" என்றார்கள். மேல்மாடியில் எலும்புப் பிரிவில் "கீழேயிருந்து எழுதிக் குடுக்கணும்" என்றார்கள். நான் ஏறி இறங்கியதில் அந்தப் படிக்கட்டு அரையடி தேய்ந்துவிட்டது. வந்த கோபத்துக்குக் கட்டடத்தையே பெயர்த்துப் பக்கத்து ஊரில் வைத்திருப்பேன், உள்ளே நோயாளிகள் இருந்ததால் விட்டேன். கடைசியில் ஒரு டாக்டரம்மா உட்காரவைத்துச் சொன்னார். சினைப்பையை எடுத்ததும் எலும்பைக் காக்கும் ஹார்மோன் ஒரேயடியாக நின்றுபோகிறதாம், கதிர் பட்ட இடுப்பெலும்பும் பலவீனமாகுமாம், எங்காவது முறியும்வரை பலருக்குத் தெரியவே தெரியாதாம். எலும்பின் அடர்த்தி பார்க்க ஒரு சோதனை இருக்கிறது, சும்மா படுத்தால் போதும், ஊசிகூட இல்லை, தேய்ந்திருந்தால் மருந்தும் உண்டு. இதை மூன்று வருஷத்துக்கு முன்னால் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை பார்!

தேதி வாங்கி வந்தால் இவள் வரமாட்டாளாம். "எலும்பாவது நிம்மதியா கிடக்கட்டும். தேடப் போனா எதையாவது கண்டுபிடிப்பாங்க" என்கிறாள். அது புற்றுநோயைத் தேடுகிற சோதனை இல்லை என்று நான் கத்திய கத்தலில் தெருவில் பாதி ஜன்னல் கழன்று விழுந்தது. அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். முந்தாநாள் துணிக்கட்டைத் தூக்கியதிலிருந்து முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள், கேட்டால் வாயுப் பிடிப்பாம். நீயும் லேசுப்பட்டவள் இல்லை. போனில் "கட்டி திரும்ப வரலையேம்மா?" என்பாய், அவள் "இல்லடி" என்பாள், இரண்டு பேரும் அத்தோடு விழா எடுத்து முடித்துவிடுவீர்கள்.

நேற்று மல்லுக்கட்டியபோதுதான் அவள் வாயிலிருந்து உண்மை வந்தது. "அன்னிக்கு கட்டி ரிசல்ட் வர்றவரைக்கும் அவ போன்ல ஒண்ணும் பேசாம மூச்சு மட்டும் விட்டுட்டிருந்தா. அதை இன்னொரு தடவை என்னால கேக்க முடியாதுடா" என்றாள். அதற்கப்புறம் நான் என்ன சண்டை போட? அவளுக்குத் தன் எலும்பைவிட உன் மூச்சு பெரிசு. அதனால் நீயே பேசு. நலமா என்று கேட்காதே, நலம் என்றுதான் சொல்வாள். "என்ன வந்தாலும் நான் தாங்குவேன், நீ போம்மா" என்று சொல். நான் எத்தனை உரக்கக் கத்தினாலும் அந்த ஒன்றை உனக்குப் பதிலாகச் சொல்ல முடியவில்லை.

நூறு வருஷம் முதுகு நிமிர்ந்து நடப்பாய், என் ஆசீர்வாதம். சோதனை வியாழக்கிழமை காலை. புதன்கிழமையே கூப்பிட மறக்காதே.

இப்படிக்கு,
பெறாமலே உன்னை வளர்த்தவனும், உன் அம்மா வெளியே போயிருக்கும் நேரத்தில் மட்டும் இந்த வீட்டின் சக்கரவர்த்தியுமான
உன் மாமா