செங்கல் மிதித்தபோது நூற்றைம்பது

டீச்சரம்மாவுக்கு,

பால் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன். காருக்குப் புது ஸ்பார்க் பிளக் வாங்கக் கடைக்கு நடந்தே போகிறேன். நாலு மணிக்குக் கார் வாங்க வருகிறவரை உட்கார வை.

நேற்று நான் இன்ஜினில் அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்ட, நீ ஆக்சிலேட்டரை மிதித்துச் சாவியைத் திருப்பினாயே, நூற்றைம்பது காட்ட வேண்டிய நாலு சிலிண்டரும் தொண்ணூறுதான் காட்டின. "இன்ஜினுக்கு மூச்சே இல்ல, வித்துத் தொலைங்க" என்றாய். நானும் தலையாட்டினேன். ஆனால் நாலுக்கும் சொல்லி வைத்த மாதிரி ஒன்றாகவா வயசாகும்? நாம் இரண்டே பேர், அதில் நான் மட்டும்தானே கிழவன்!

இன்று ஆக்சிலேட்டரில் செங்கல்லை முட்டுக்கொடுத்து, நானே திருப்பிப் பார்த்தேன். நூற்றைம்பது! முழுசாக மிதித்தால்தான் இன்ஜின் காற்றை இழுக்கும்.

நாற்பது வருஷமாகப் பக்கத்து சீட்டிலிருந்து "மெதுவா, மெதுவா" என்ற உன் வாய், உன் காலையும் மெதுவாக மிதிக்கப் பழக்கிவிட்டதா? இல்லை, காரை விற்கத்தான் அரைகுறையாக மிதித்தாயா? தெரியாமல் எனக்குத் தலையே வெடித்துவிடும்.

பி.கு.: பதில் சொல்ல வேண்டாம். கேஜை மாட்டியே வைத்திருக்கிறேன்; வந்தவர் முன்னால் நீயே இன்னொரு தடவை மிதித்துச் சாவியைத் திருப்பு. நூற்றைம்பது காட்டினால் கார் நமக்கு, தொண்ணூறு காட்டினால் அவருக்கு.

இன்னொன்று: செங்கல் உன்னைவிட நன்றாகத்தான் மிதிக்கிறது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து "மெதுவா" என்று சொல்ல அதற்கு வாயில்லை.