மாசிமாவின் சந்தேஷ்

மகா கனம் பொருந்திய அக்காவுக்கு,

பவானிப்பூர் அரசவை அறிவிப்பு: நம் தெருப்பூனை நேற்று சைவத்துக்கு மாறிவிட்டது!

உபயம் அடியேன். விஜயதசமிக்குப் பக்கத்து வீட்டு வங்காளி மாசிமா சந்தேஷ் இனிப்பு கொண்டுவந்து கொடுத்தாள். "அம்மா, இதில் மீன் எண்ணெய் கலப்பாளாம்" என்று முகம் மாறாமல் புளுகினேன். அம்மா அலறிக்கொண்டு கொல்லையில் கொட்டினாள்; பூனை அத்தனையையும் தின்றது. மாசிமா ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

இந்த ஊரில் அம்மாவுக்கு இருக்கிற ஒரே சிநேகிதி அவள்தான். இன்று வரவில்லை. "மாசிமா ஏன்டா வரலை? நான் என்ன சொல்லிட்டேன்?" என்று அம்மா என்னையே கேட்கிறாள்.

எதற்கும் சிரிக்கிறவன்தான் நான் என்று நினைத்திருந்தேன். இப்போது நான் யாரென்றே தெரியவில்லை.

சிரித்தேன் என்று மேலே எழுதினேனே, அதுவும் பொய், அக்கா. மாசிமாவின் முகத்தைப் பார்த்ததும் கட்டிலடியில் போய் அழுதேன். இதையும் அங்கே படுத்துத்தான் எழுதுகிறேன். அம்மா கூப்பிடுகிறாள்.

உன் தம்பி