எடுக்காத குழாய்

பட்டாளத்தில் இருக்கும் மகனுக்கு, தென்காசி ஆஸ்பத்திரியில் இருந்து அப்பா சொல்ல, பக்கத்துக் கட்டில் பெண் எழுதுவது.

போன ஆனியில் உன் அம்மாவுக்கு முதுகில் சிறு துளை போட்டுச் சிறுநீரகக் கல்லை எடுத்து, உள்ளே ஒரு குழாய் வைத்தார்கள். "ஒரு மாசத்துல வாங்க, குழாயை எடுத்துருவோம்" என்றார் டாக்டர்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கியது. எனக்கோ அருவிக்குக் குளிக்க வருபவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் வேலை. "வலியே இல்ல, சாரல் முடியட்டும்" என்றாள். சரி என்றேன். சாரல் முடிந்தும் போகவில்லை.

இப்போது குழாயின் மேலேயே கல் படிந்து, அந்தச் சிறுநீரகமே கெட்டுவிட்டதாம். வரும் வெள்ளிக்கிழமை அதை எடுக்கிறார்கள். கைநாட்டு வைத்துவிட்டேன்.

"மறந்துட்டீங்களா பெரியவரே?" என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்றேன்.

"இவுகளா மறப்பாக? என் கல்யாணச் சேலை நிறத்தை இன்னைக்கும் சொல்லுவாகளே" என்று படுக்கையில் இருந்தபடி உன் அம்மா சிரித்தாள்.

அவளுக்குப் போன் செய்து பேசு. என்னிடம் கொடுக்கச் சொல்லாதே.

உன் அப்பா