அழிக்கப்பட்ட முகம்

அண்ணா,

இன்று காலை கம்பெனி வாசலில் அந்த முகம் பார்க்கும் மெஷின் மறுபடியும் ஒருவரை உள்ளே விட மறுத்தது. காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்த சுமதி, அசெம்பிளியில் வேலை செய்கிறவள். எப்படிக் காட்டினாலும் சிவப்பு விளக்குதான். "மேச் ஆக்தில்லம்மா", முகம் பொருந்தவில்லை என்று செக்யூரிட்டி கன்னடத்தில் அலுத்துக்கொண்டார். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது.

கொரோனாவில் கிடந்து எழுந்து நீங்கள் வேலைக்குத் திரும்பிய அன்றும் இதே சிவப்பு விளக்கு. நாற்பது தாண்டாத ஆளுக்குத் தலை நரைத்து, கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. எச்.ஆர்.காரர் வந்து பழைய போட்டோவை அழித்துவிட்டுப் புது முகத்தைப் பதிந்தார். உடனே பச்சை விளக்கு எரிந்தது. நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். "நான் கெழவனானது மிஷினுக்கே தெரிஞ்சிட்டுல. கம்பெனி டாக்டருக்குத்தான் தெரியல." அந்த மனுஷன் உங்களுக்கு 'ஃபிட்' என்று கையெழுத்துப் போட்டிருந்தார்.

பழையபடி காஸ்டிங், அந்தக் கனத்த இரும்பு வார்ப்புகளைத் தூக்கி மெஷினில் வைக்கும் வேலை. கொஞ்சம் தூக்கினாலே தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவீர்கள். லைனில் 'தாத்தா' என்று பெயர் வைத்தார்கள். நீங்கள் கேட்டது இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் உட்கார்ந்து பார்க்கும் வேலை, அவ்வளவுதான்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு நான்தான் பைக்கில் கூட்டிப்போனேன். டாக்டரம்மா உங்கள் சேஃப்டி ஷூ கயிற்றின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் காட்டிச் சொன்னார். நம் செல்லுக்குள் இருக்கும் மரபணு இழைகளின் முனையிலும் இப்படி ஒரு மூடி உண்டாம், டெலோமியர் என்று பேர். செல் ஒவ்வொரு தடவை இரண்டாகப் பிரியும்போதும் அது கொஞ்சம் தேயும். வைரஸோடு போராட, செல்கள் மறுபடி மறுபடி பிரிய வேண்டியிருக்கும். அதில் முனை சீக்கிரம் தேய்ந்து உடம்பு வயதுக்கு முன்னால் மூப்படையலாம். "அதுதான் உங்களுக்கு நடந்துச்சுன்னு உறுதியா சொல்ல முடியாது. இன்னும் ஆராய்ச்சி நடக்குது. ஆனா உங்களுக்கு லேசான வேலைதான் ஒத்துக்கும். அத எழுதித் தரேன்" என்றார்.

அந்தச் சீட்டைக் கொடுத்து, அவர் சொன்னதை நீங்கள் ஒளிக்காமல் ஒப்பித்தீர்கள். உங்கள் தூத்துக்குடி நேர்மை! எச்.ஆர்.காரர் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார். "உறுதியில்லன்னு அவங்களே சொல்றாங்கல்ல? வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்."

எந்த வயசு? இப்போதும் அந்த ஆளின் சட்டையைப் பிடித்துக் கேட்கத் தோன்றுகிறது. உறுதியில்லை என்றால் கூடுதலாகத்தானே கவனித்திருக்க வேண்டும்?

அடுத்த மழைக்காலத்தில் வந்த காய்ச்சலை உங்கள் உடம்பு தாங்கவில்லை. தேய்ந்த முனைகள்தான் காரணமா, எனக்குத் தெரியாது. நானும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காய்ச்சல் வருகிற வரைக்கும் உங்களை நிற்க வைத்தே வேலை வாங்கியது யார் என்பது உறுதியாகத் தெரியும்.

இன்று அதே எச்.ஆர்.காரர் சுமதியின் பழைய போட்டோவை அழிக்க வந்தார். நான் மெஷினை மறைத்து நின்றுகொண்டேன். "அழிக்காதீங்க சார். ரெண்டு மூஞ்சியும் பக்கத்துல வெச்சு டாக்டர் பாக்கட்டும். அது வரைக்கும் நவுர மாட்டேன்." கம்பெனி பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் பின்னால் தேங்கி நின்றார்கள். ஷிஃப்ட் ஆரம்பிக்க வேண்டுமே என்ற பயம் அவருக்கு. "எலேய், கெலமங்கலத்து முரடா" என்று நீங்கள் இருந்தால் என் முதுகில் தட்டியிருப்பீர்கள்.

ஒகேனக்கல்லில் எடுத்த போட்டோ என் போனில் இருக்கிறது. கறுத்த முடியும் நிறைந்த கன்னமுமாக, அவர்கள் அழித்த உங்கள் முகம். அதைத்தான் அவர் கண் முன்னால் நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு பழைய போட்டோவை அழிக்காமலே சுமதியை உள்ளே விட்டு, டாக்டர் பார்க்கும் வரை உட்கார்ந்து செய்யும் வேலை கொடுக்கச் சொன்னார்.

சுமதி இன்று உட்கார்ந்து வேலை செய்தாள். நான் சந்தோஷப்பட வேண்டும், முடியவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் டேபிளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட அவர்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அண்ணா.